வீவக வீட்டில் கூட்ஸ் வண்டிக்கு அழுக்கேற்ற: ஏர்பிரஷ்ஷா, பவுடரா, எண்ணெய்ச் சாயமா?

சிங்கப்பூர் பொங்கோலில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோயிருக்கும் அக்கா மகன், போன மாதம் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே யாரிடமோ பழசாக வாங்கிய ஐந்து கூட்ஸ் வண்டிகள். எல்லாம் எச்.ஓ. அளவு, அதாவது நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு. நான்கு 40 அடி பாக்ஸ்கார் (கூரையுள்ள மூடிய பெட்டி வண்டி), ஒன்று நிலக்கரி ஏற்றும் ஹாப்பர். எல்லாமே அமெரிக்க ரயில்களின் மாடல்.

"மாமா, எல்லாம் பொம்மை மாதிரி பளபளன்னு இருக்கு. வெதரிங் பண்ணணும், வெயில் மழை பட்டுப் பழசான மாதிரி ஆக்கணும். கம்ப்ரசரோட, காத்தழுத்தத்துல சாயம் தெளிக்கிற ஏர்பிரஷ் செட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். கையில 300 வெள்ளி இருக்கு. வாங்கிடட்டுமா?"

"இப்ப வேண்டாம்பா. அதைக் கடைசியா வாங்கு" என்றேன்.

முகம் வாடிவிட்டது. ஏன் கடைசி என்று அவனுக்கு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வெதரிங் சொல்லித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தனி வீட்டில், கார் ஷெட்டிலோ நிலவறையிலோ மேசை போட்டுச் செய்கிறவர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாயம் அடிக்கலாம், அடித்ததை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். நமக்கு நான்கறை வீடு என்றால் ஏறக்குறைய 90 சதுர மீட்டர். அதற்குள் குழந்தை, மாமியார், துணிக்கழி, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி. வெளியே காற்றில் ஈரப்பதம் சராசரியாகப் பார்த்தாலே 80 சதவீதத்துக்கு மேல். ஒரு முறை நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது இந்த வீட்டில், இந்தக் காற்றில் நடக்குமா என்று கேட்பதுதான் நமக்குப் பயன்படும்.

சாமானுக்கு முன்னால் அழுக்கைப் பார்ப்போம். ஒரு கூட்ஸ் வண்டியின் மேல் இருப்பது ஒரே அழுக்கு கிடையாது. வெயிலில் நிறம் வெளுப்பது ஒன்று. அது உடம்பு முழுக்க, கூரையில் கொஞ்சம் அதிகமாக இருக்கும். மழைத் தண்ணீர் ரிவெட்டிலும் மூட்டுகளிலும் பிடித்த துருவை இழுத்துக்கொண்டு கீழே வடிவது இன்னொன்று. ஓடும்போது சக்கரம் கிளப்பிவிடும் புழுதி அடியிலிருந்து மேல் நோக்கி ஏறும், மேலே போகப்போகத் தேயும். அதற்கு மேல், பழைய வகை அச்சுப்பெட்டி உள்ள வண்டிகளில் எண்ணெய் கசிந்து சக்கர முகத்தில் கறுப்பாய்ப் படியும். ரோலர் பேரிங் உள்ள வண்டிகளில் எண்ணெய் கசிவதில்லை, அதனால் சக்கரம் துருப் பழுப்பாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்றைத்தான் மிக நன்றாகச் செய்யும். எல்லாவற்றையும் செய்கிற முறை என்று ஒன்று இல்லை. ஏர்பிரஷ் வாங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று என் அக்கா மகன் நினைத்ததில் இருந்த ஒரே பிசகு இதுதான்.

எவ்வளவு அழுக்கு என்பதற்கு வண்டியே விடை எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்க வண்டிகளின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் கட்டிய மாதமும் வருடமும் இருக்கும். அவனுடைய பாக்ஸ்காரில் ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தோம்: 1948. "உன் ரயில் எந்த வருஷத்துல ஓடுது?" என்று கேட்டேன். யோசித்து, "1955" என்றான். அப்படியானால் அது ஏழு வருட வண்டி. நிறம் மங்கியிருக்கும், அடியில் புழுதி இருக்கும், கூரை ஓரத்தில் லேசாகத் துரு எட்டிப்பார்க்கும். உடம்பெல்லாம் ஓட்டை விழுந்த துருவுக்கு அங்கே இடமில்லை. அதே வண்டியை 1970-இல் ஓடுவதாக வைத்தால் கணக்கே மாறிவிடும். 1966-க்குப் பிறகு கட்டிய பாக்ஸ்கார்களுக்குக் கூரை மேல் நடைபலகையே கிடையாது. அந்த மாதிரி வண்டி ஒன்று 1955 ரயிலில் நின்றால் எவ்வளவு அழகாக அழுக்கேற்றினாலும் பொருந்தாது.

பார்த்துச் செய்ய நமக்கு இங்கே அமெரிக்கக் கூட்ஸ் வண்டி கிடையாது. துருவுக்குப் பஞ்சமில்லை. பாசிர் பாஞ்சாங் பக்கம் சாலையோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகும். கதவுத் தாழ்ப்பாள் கம்பிக்குக் கீழே, மூலை இரும்புக்குக் கீழே, பெயின்ட் உரிந்த இடத்தைச் சுற்றித் துரு எப்படி வடிகிறது என்று கவனியுங்கள். அதைவிடப் பக்கத்தில் வேண்டுமானால் பழைய வீவக புளோக்குகளின் பின்பக்கம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் இரும்புக் குழாய் சுவரில் பதிந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு பழுப்புக் கோடு இறங்கும். தொடங்கும் இடத்தில் அடர்ந்து, ஒரு சாண் இறங்குவதற்குள் மெலிந்து, ஓரங்கள் கரைந்து சுவரோடு சுவராகிவிடும். துருக்கோட்டின் இலக்கணம் முழுதும் அந்த ஒரு சாணுக்குள் இருக்கிறது.

அடிப்பக்கப் புழுதியின் நிறத்துக்கு நான் இன்னும் வைத்திருப்பது 2011-இல் எடுத்த படங்கள். தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி மலேசிய ரயில் கிளம்பியது அந்த வருடம் ஜூன் 30 இரவு. அதற்கு முந்தைய வாரம் புக்கிட் தீமா ஸ்டேஷன் பக்கம் போய், எல்லோரும் ரயிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது நான் குனிந்து தண்டவாளத்தை எடுத்தேன். தண்டவாளத்தின் பக்கவாட்டிலும் ஜல்லியிலும் கட்டைகளிலும் ஒரே பழுப்பு. பிரேக் கட்டையும் சக்கரமும் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள் துருப்பிடித்த நிறம் அது. அமெரிக்காவோ மலாயாவோ, இரும்புக்கு இரும்பு தேய்ந்தால் வருகிற நிறம் பெரிதாக மாறாது. சக்கரச் சட்டத்துக்குப் பவுடர் கலக்கும்போது இன்றும் அந்தப் படங்களைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இனி ஏர்பிரஷ். அதற்குரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். வெயிலில் வெளுத்த தோற்றத்தையும் கீழிருந்து ஏறும் புழுதியையும் அதைப்போல வேறெதுவும் தராது. 0.3 மில்லிமீட்டர் முனை, 15-லிருந்து 20 பிஎஸ்ஐ அழுத்தம், நன்றாக நீர்த்த மண் நிறம். கையை நிறுத்தாமல் வண்டியின் அடியோரமாக இரண்டு ஓட்டு ஓட்டினால் ஓரமே தெரியாமல் புழுதி ஏறிவிடும். தூரிகையால் அதைச் செய்ய முயன்றால் எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று கோடு காட்டிவிடும்.

ஆனால் அந்த இரண்டு ஓட்டுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்ல வேண்டும். சாயம் வெளியே போக உறிஞ்சு விசிறி உள்ள பெட்டியும், அதன் குழாய் எட்டுகிற ஜன்னலும் வேண்டும். நம் வீடுகளில் அதற்குத் தோதான இடம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சமையலறைக்குப் பின்னாலுள்ள சர்வீஸ் யார்ட். அங்கேதான் பல வீடுகளில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது, நாலடியில் அடுப்பு. லாக்கர் தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. ஹீட்டரோ அடுப்போ எரிய வாய்ப்புள்ள இடத்தில் தின்னர் சார்ந்த சாயத்தை அடிக்கவே கூடாது, தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் மட்டும்தான். ஏர்கான் போட்ட படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. வீட்டு ஏர்கான் புதுக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையேதான் குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது, சாயத்தூளும் அதோடு சேர்ந்து சுற்றும்.

கம்ப்ரசருக்கும் நம் காற்று ஒத்துவராது. ஈரக் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி தண்ணீராகப் பிரிந்து குழாயில் சேரும். ஈரப்பொறி (அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாகம்) இல்லாத மலிவு செட்டில், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு துளி தண்ணீர் முனையிலிருந்து தெறித்து வண்டியின் பக்கத்தில் ஒரு வட்டத்தை விட்டுவிடும். வேலை முடிந்தபிறகு ஊசியைக் கழற்றி, முனையைக் கழுவி, கிண்ணத்தைத் துடைக்க வேண்டும். விரித்துவைக்க 20 நிமிடம், கழுவி எடுத்துவைக்க இன்னொரு 20 நிமிடம். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை தூங்கியபிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் வண்டிக்குக் கிடைப்பது 20 நிமிடம்தான். அக்கா மகனுக்கு உறைத்தது இந்தக் கணக்குதான்.

ஏர்பிரஷ் வேண்டாமென்றால் ஸ்பிரே டின்? வெதரிங்குக்கு அதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்வதில்லை. கடைசியில் மேட் பூச்சு, அதாவது பளபளப்பில்லாத பூச்சு, கொடுக்க மட்டும் பயன்படும், அதிலும் பார்த்துச் செய்ய வேண்டும். சில வருடங்களுக்கு முன் காலையெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு மதியம், மூன்று சாயங்காலம் உழைத்து முடித்த கரும்பச்சை பாக்ஸ்காருக்கு ஜன்னலோரமாக வைத்து மேட் லாக்கர் அடித்தேன். கண் முன்னாலேயே பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் படிந்து விடுவதால் வருவது அது. இரண்டு நாள் கழித்து வெயில் அடித்த மதியம் பளபளப்பு லாக்கரை மிக மெல்லியதாகப் போட்டதில் பாதி தெளிந்தது. மீதிப் பாதி இன்னும் அந்த வண்டியின் கூரையில் இருக்கிறது. மழை நாளில் டின்னைத் தொடாதீர்கள். பொதுத் தாழ்வாரத்தில் வைத்தும் அடிக்காதீர்கள், அந்த நாற்றம் அண்டை வீட்டுக்காரர் மூச்சுக்குப் போகிறது.

பவுடருக்கு வருவோம். டமியா வெதரிங் மாஸ்டர் என்று முகப்பூச்சு டப்பா போல மூன்று நிறத்தோடு வருவது, ஓவியர்களுக்கான பான்பாஸ்டல், வெறும் நிறமித் தூள், சாதாரண சாக் பாஸ்டலைக் கத்தியால் சுரண்டி எடுத்த தூள் என்று நான்கு வகை நம் கைக்கு எட்டும். முதல் இரண்டிலும் கொஞ்சம் பசைத்தன்மை உண்டு, தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். நிறமித் தூளின் நிறம் அடர்த்தியானது, ஆனால் பறக்கும். நம் வீட்டில் பவுடருக்கு எதிரி மின்விசிறிதான். அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் வியர்வை சொட்டும். அதனால் பவுடர் வேலையை நான் ஏர்கான் அறையில், காற்று நேரே படாத மூலையில் வைத்துக்கொள்கிறேன். புகைமூட்டக் காலத்தில் வாங்கிவைத்த என்95 முகக்கவசம் இழுப்பறையில் கிடக்கும் இல்லையா, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நுண்ணிய தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

பவுடர் சக்கரச் சட்டம், அடிப்பாகம், கூரை ஆகிய மூன்றுக்கும் கைகண்ட மருந்து. கீழிருந்து ஏறும் புழுதியை ஏர்பிரஷ் தருவதில் முக்கால்வாசி நயத்தோடு மென்மையான தூரிகையும் பவுடரும் தந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆனால் இரண்டு விஷயம். பளபளப்பான பரப்பில் பவுடர் பிடிக்காது, அடியில் மேட் பூச்சு கட்டாயம் வேண்டும். பவுடர் மேல் மறுபடி பூச்சு அடித்தால் போட்டதில் பாதி காணாமல் போகும். அடிக்காமல் விட்டால் நம் ஊர் வியர்வைக் கையில் விரல்ரேகை விழும். நான் அடிப்பதில்லை. வண்டியைச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த மேட் பூச்சுக்குத்தான் ஸ்பிரே வேண்டுமோ என்றால் தேவையில்லை. தண்ணீர் சார்ந்த மேட் வார்னிஷை, வாலெஹோ நிறுவனத்ததோ வேறெதுவோ, அகலமான மென்தூரிகையால் மெல்லியதாக இரண்டு முறை பூசலாம். மேட் ஆக்கும் பொருள் பாட்டிலின் அடியில் தங்கியிருக்கும். ஒரு நிமிடம் முழுதாகக் குலுக்காமல் பூசினால் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். பூசியபிறகு ஏர்கான் ஓடும் அறையில் காயவிடுங்கள். ஏர்கான் காற்றின் ஈரத்தை இழுத்துவிடுவதால் வெளியே காய்வதைவிடச் சீராகக் காயும்.

எண்ணெய்ச் சாயம்தான் எனக்கு மிகப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பிராஸ் பாசா காம்ப்ளக்ஸில் ஓவியப்பொருள் விற்கும் கடையில் மூன்று சிறு குழாய் வாங்கினால் போதும்: பர்ன்ட் அம்பர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா. கூட்ஸ் வண்டிக்கு எடுப்பது கடுகளவு என்பதால் அந்த மூன்று குழாய் பல வருடம் வரும். எண்ணெய்ச் சாயம் மெதுவாகக் காய்வதுதான் அதன் குறை என்பார்கள். அம்பர் வகையில் மாங்கனீசு இருக்கிறது, அது எண்ணெய் காய்வதை வேகப்படுத்தும். கறுப்பும் வெள்ளையும் நாள்கணக்கில் ஈரமாகக் கிடக்கும்போது மெல்லியதாகப் பூசிய அம்பர் ஓரிரு நாளில் தொடத் தக்கதாகிவிடும். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பு சாயத்தை ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி வைத்தால் அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். காய்வது இன்னும் சீக்கிரமாகும், பளபளப்பும் குறையும்.

இப்போது பாக்ஸ்காரின் கூரை ஓரத்தில் ஒரு ரிவெட்டுக்குப் பக்கத்தில், பல்குத்தும் குச்சியின் நுனியால் பர்ன்ட் அம்பரை ஒரு புள்ளி வைக்கிறேன். குண்டூசித் தலையைவிடச் சிறிய புள்ளி. தட்டைத் தூரிகையை வாடையில்லாத ஒயிட் ஸ்பிரிட்டில் (எண்ணெய்ச் சாயத்தைக் கரைக்கும் திரவம்) நனைத்து, காகிதத் துவாலையில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலைக்குக் கொண்டுவருகிறேன். புள்ளியின் மேல் வைத்து நேர் கீழாக ஒரே இழுப்பு. தடித்துத்தான் வரும். தூரிகையைத் துடைத்துவிட்டு அதே கோட்டின் மேல் மறுபடி. மூன்றாவது இழுப்பில் ஓரங்கள் கரைகின்றன. நான்காவதில் கீழ்ப்பாதி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அங்கே நிறுத்த வேண்டும். எச்.ஓ. அளவில் 1 மில்லிமீட்டர் கோடு என்றால் நிஜத்தில் 8.7 சென்டிமீட்டர், ஒரு உள்ளங்கை அகலம். அதனால் கோடு தலைமுடியளவு மெலிந்திருந்தால்தான் நம்பும்படி இருக்கும். தப்பாகிவிட்டால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக்குச்சியால் மொத்தமும் துடைத்துவிடலாம். அடியிலுள்ள அக்ரிலிக் பூச்சை அது தொடாது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துக்கூட மனம் மாறலாம். எந்தச் சாயமும் இவ்வளவு பொறுமையாக நம்மோடு இருப்பதில்லை.

ஒயிட் ஸ்பிரிட்டையும் எனாமல் வாஷையும் (மிகவும் நீர்த்த எனாமல் சாயம்) பூச்சில்லாத பிளாஸ்டிக்கில், குறிப்பாகத் திருகோ அழுத்தமோ இருக்கும் இடங்களில், ஊறவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் விரிசல் விடும். எழுத்துள்ள பழைய வண்டியில் ஆல்கஹாலில் மை கலந்து பூசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அடியில் லாக்கர் மேட் பூச்சு இருந்தால் ஆல்கஹால் பட்டதும் அது வெளுத்துப்போகும். சிலர் வேண்டுமென்றே அதை வெயிலில் வெளுத்த தோற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். முதல் ஐந்து வண்டியில் வேண்டாம்.

கையே நடுங்குகிறது, எதைத் தொட்டாலும் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு குவாஷ் சாயம். பள்ளிப்பிள்ளைகள் வாங்குகிற தண்ணீர்ச் சாயத்துக்கு அண்ணன் முறை. காய்ந்தபிறகும் ஈரப் பஞ்சுக்குச்சி பட்டால் கரைந்து வந்துவிடும், வாடை கிடையாது, குழந்தை இருக்கும் மேசையிலும் செய்யலாம். வெள்ளையை நிறைய நீர்த்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டுப் பக்கவாட்டில் பூசினால் எழுத்துகள் வெளுத்த மாதிரி வரும். கரையும் குணம் பிறகு எதிராகவும் திரும்பும், மேலே மேட் வார்னிஷைத் தூரிகையால் பூசும்போது அடியிலிருப்பது அசையும். நிறப்பென்சிலும் ஒன்றிரண்டு வைத்திருங்கள், மரப்பலகை வண்டிகளுக்கும் ஏணிக்கம்பி ஓரங்களுக்கும் அதுவே போதும்.

சாமான் எங்கே வைப்பது என்பதை நான் முறையைத் தேர்வு செய்வதோடு சேர்த்தே பார்க்கிறேன். எடுத்து விரிக்கச் சிரமமான வேலை நடக்காது. தனி மேசைக்கு இடமிருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று பாம் ஷெல்டர், குண்டுவீச்சு நடந்தால் ஒதுங்குவதற்கான அறை. 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீடுகளில் இருக்கும் அந்தக் கான்கிரீட் அறையைப் பலர் பட்டறையாக்கப் பார்க்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறை அது, கதவைச் சாத்தினால் காற்று தேங்கும். அதற்குள் எந்தத் தின்னரையும் திறக்கக் கூடாது. பெட்டிகளை அடுக்கி வைக்க மட்டும் சரி, அதிலும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று போட்டு. இன்னொன்று சாப்பாட்டு மேசையில் தட்டு. 60-க்கு 40 சென்டிமீட்டரில் ஓரம் உயர்ந்த ஒரு தட்டு, அதன் மேல் வெட்டுப்பாய். வேலை முடியாவிட்டாலும் அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம். நான் எட்டு வருடமாக இந்தத் தட்டில்தான் செய்கிறேன், அக்கா மகனுக்கும் இதையே சொன்னேன்.

சாமான்களை வகைவாரியாகப் பிரிக்காதீர்கள். தூரிகையெல்லாம் ஒரு பெட்டி, சாயமெல்லாம் ஒரு பெட்டி என்று வைத்தால் ஒரு சிறு வேலைக்கு ஐந்து பெட்டியைத் திறக்க வேண்டிவரும். வேலைவாரியாக வையுங்கள். சக்கரமும் கப்ளரும் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) எடையும் ஒரு பெட்டி: அதற்குள்ளேயே அதற்கான திருப்புளி, உயரமானி, பசை. பவுடர் பெட்டிக்குள் அதன் தூரிகைகளும் முகக்கவசமும். எண்ணெய்ப் பெட்டிக்குள் மூன்று குழாய், ஸ்பிரிட், அட்டை, பஞ்சுக்குச்சி. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பெட்டி போதும். டெக்கால் தாள்களை (வண்டியில் எழுத்தும் சின்னமும் ஒட்டுவதற்கானவை) மட்டும் கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை கேபினெட்டில் போட்டுவையுங்கள். ஈரத்தில் அவை கெட்டுப்போகும்.

எந்த முறையானாலும் அதற்கு முன் சக்கரப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். வெதரிங் முடிந்தபின் வண்டியைக் கவிழ்த்துத் திருகினால் பட்ட பாடெல்லாம் விரலோடு வந்துவிடும். பிளாஸ்டிக் சக்கரத்தை உலோகச் சக்கரமாக மாற்றுவது, கப்ளர் உயரம் பார்ப்பது, எடை சேர்ப்பது எல்லாம் முதலில். எச்.ஓ. வண்டிக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரை, அடிப்படையாக 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அஞ்சரை அங்குல பாக்ஸ்காருக்கு 3.75 அவுன்ஸ், அதாவது 106 கிராம். அவனுடைய வண்டிகளில் மூன்று 80 கிராமைக்கூட எட்டவில்லை. எடை குறைந்த வண்டி வளைவில் தடம் புரளும். சக்கரத்தின் ஓடும் பரப்பில் மட்டும் எந்தச் சாயமும் பவுடரும் படக்கூடாது.

300 வெள்ளியை இப்படிப் பிரித்தோம்: முதலில் ஐந்து வண்டிக்கும் உலோகச் சக்கரமும் கப்ளரும், அடுத்து மேட் வார்னிஷ், பான்பாஸ்டலில் நான்கு நிறம், எண்ணெய்ச் சாயம் மூன்று குழாய், ஒயிட் ஸ்பிரிட், நல்ல தூரிகை மூன்று, தட்டு. மிச்சம் வந்த காசை எடுத்து வைக்கச் சொன்னேன், ஏர்பிரஷ்ஷுக்கு.

ஏனென்றால் என் பதில் ஓரிடத்தில் மாறும். ஒரு பாக்ஸ்காருக்கு எண்ணெய் முறையில் எனக்கு இரண்டு சாயங்காலம் ஆகிறது. ஐந்து வண்டி, பத்து வண்டி என்றால் அது மகிழ்ச்சியான கணக்கு. ஒரே மாதிரி 30 ஹாப்பர்கள் கொண்ட நிலக்கரி ரயில் ஒன்றை அவன் கட்டப் போகிறான் என்றால், 30 வண்டிக்கும் அடிநிறப் புழுதியை ஒரே நாளில் ஒரே சீராக ஏற்ற ஏர்பிரஷ்தான் வேண்டும். அதன் மேல் வண்டிக்கு வண்டி வேறுபாட்டை எண்ணெயிலும் பவுடரிலும் கொண்டுவரலாம். அப்போதும் தண்ணீர் சார்ந்த சாயம், ஈரப்பொறி உள்ள கம்ப்ரசர், ஜன்னலுக்குக் குழாய் போகும் பெட்டி என்ற மூன்றும் சேர்ந்து வாங்க முடிந்தால் மட்டும். அதில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஒரு வருடம் தூரிகையே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை 1948 பாக்ஸ்காரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான், சக்கரத்தைப் பிடித்து. அடிப்பக்கப் புழுதி சரியாக இருந்தது. இடது பக்கம் நான்காவது பலகத்தில் ஒரு துருக்கோடு மட்டும் கீழ்வரை ஒரே தடிமனாக இறங்கியிருந்தது. "இதைத் துடைச்சிட்டு மறுபடி போடவா மாமா?" என்று கேட்டான். சாயம் இன்னும் முழுசாகக் காயவில்லை. பஞ்சுக்குச்சியை எடுத்துக் கொடுத்தேன்.